மேட்டைத் தூக்கிப் பார்: மோதலுக்குப் போகும் கிழட்டுக் கார்கள்

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகும் வழியில் பழைய கார்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தென்னை விளையின் ஓரத்தில், கதம்பைக் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திய ஒன்று எப்படியும் கண்ணில் படும். வளைகுடாவில் இருக்கும் மகன் லீவுக்கு வந்து பார்த்துக்கொள்வான் என்று போட்டு வைத்தது. மகன் மூன்று லீவுக்கு வந்து போயிருப்பான். வண்டி இடத்தை விட்டு அசைந்திருக்காது. ஆனாலும் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்வார், டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார். கூட வந்த டிங்கருக்கு அதிலெல்லாம் அக்கறை இருக்காது.

"பெயிண்ட வுடுடே. மேட்டத் தூக்கு" என்பார்.

மேட்டைத் தூக்கினால்தான் சங்கதி தெரியும். ஓட்டுபவர் குதிகால் ஊன்றும் இடத்தில் தகரம் செம்பழுப்பாக உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கும். அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரே ஒரு அழுத்து. பப்படம் நொறுங்குகிற சத்தம் வரும். கைப்பிடி வரை இறங்கியதை உருவி எடுத்தால், அந்த ஓட்டை வழியே கீழே மணல் தெரியும்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட கார்களைப் பற்றியது. இன்னும் பத்து வருடம் ஓட்டுவதற்காக வாங்குகிற கார் இல்லை. ஒரே ஒரு மாலை ஓடி, இடித்து, இடிபட்டு, நசுங்கிப் போவதற்கென்றே தேர்ந்தெடுக்கும் கார். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு டெமோலிஷன் டெர்பி என்று பெயர். பத்துப் பதினைந்து பழைய கார்களை ஒரு சின்னக் களத்துக்குள் இறக்கிவிட்டு ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். கடைசியாக எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அது ஜெயித்தது. நம்மூர் கிடாச் சண்டையை நினைத்துக்கொள்ளலாம்.

இது எங்கே பிறந்தது என்பதில் சண்டை உண்டு. கலிபோர்னியாவில் 1940களிலேயே நடந்தது என்பார்கள். ஆனால் இதை ஊரறிந்த விளையாட்டாக்கியவர் லாரி மெண்டல்சன். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ஐஸ்லிப் என்ற சின்னப் பந்தயத் தடத்தில் 1958இல் அவர் இதைத் தொடங்கினார். கார்ப் பந்தயம் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதி, பந்தயத்தைவிட வண்டிகள் மோதுவதைப் பார்க்கத்தான் வருகிறது என்று அவர் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். பிறகு கிராமத்து விவசாயக் கண்காட்சிகள்தான் இதை வளர்த்தன. டொராண்டோவை ஒட்டி ஈழத்தமிழர் திரளாக வாழும் மார்க்கம் நகரில், 1844 முதல் நடக்கிற கண்காட்சியிலும் இந்த மோதல் இடம்பெறுகிறது. ஒரு கொட்டகையில் பரிசு வாங்கிய பசு நிற்கும். அந்தப் பக்கம் கார்கள் நசுங்கிக்கொண்டிருக்கும்.

கனடாவில் உறவுக்காரர் வீட்டில் தங்கி இதைப் பார்க்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு விஷயம் உடனே பிடிபடும். அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் சக்கரத்திலிருந்து தெறித்து வண்டியின் அடியை அரிக்கும். இங்கே அந்த வேலையைக் கடலே செய்கிறது. அதிலும் குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற பூமி. ஒரு ஈரம் காயுமுன் அடுத்தது வந்துவிடும். அதனால் ஒண்டாரியோ மெக்கானிக்கும் இராஜாக்கமங்கலம் டிங்கரும் பழைய காரில் முதலில் பார்க்கிற இடம் ஒன்றேதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்க டெர்பிக்காரர்களிடம் ஒரு பெயரைச் சொன்னால் கண் விரியும்: கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல், 1964 முதல் 1966 வரை வந்தது. பல களங்களில் அந்த வண்டிக்குத் தடை. அந்தக் கம்பெனியின் மற்ற கார்களெல்லாம் 1960 வாக்கில் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகிப்போன பிறகும், இம்பீரியல் மட்டும் தனிச் சேசிஸின் மேல் பாடியை உட்காரவைத்த பழைய முறையிலேயே 1966 வரை வந்தது. இடித்தவன் நசுங்குவான், இம்பீரியல் நசுங்காது. போட்டியில் சுவாரசியமே போய்விடுகிறது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போன்ற, தனிச் சேசிஸ் உள்ள பெரிய பழைய கார்களைத் தேடினார்கள். அமெரிக்கப் போலீஸ் வண்டியாக ஓடி ஓய்ந்த அந்த மாடல் 2011இல் நின்றது. அதன்பின் நல்லது கிடைப்பது அரிதாகி வருகிறது.

நம்மூரில் இந்தப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "அம்பாசடர இறக்குனா எவனும் நிக்க மாட்டான்." அம்பாசடரைத் தகரத் தேர் என்று நினைக்கிற நம்பிக்கை பழையது, பாதிதான் உண்மை. 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்த அந்த வண்டி, பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்தது. அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியின் அடித்தளமே சட்டம். தகரம் தடிமன், எடை ஏறத்தாழ 1,100 கிலோ, பின்சக்கரம் இழுக்கும், பின்னால் பிளேட் ஸ்பிரிங்: இதெல்லாம் மோதலுக்கு நல்லதுதான். ஆனால் பிளேட் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற ஹேங்கர் அருகே துரு ஏறியிருந்தால், இரண்டாவது மோதலில் பின் ஆக்சில் சாய்ந்துவிடும். வெளியே யானை, உள்ளே கரையான் புற்று. தனிச் சேசிஸ் வேண்டுமென்றால் 1960களில் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சொல்லலாம். ஆனால் அது சின்ன வண்டி. அதோடு இன்று ஓடுகிற ஹெரால்டு ஒன்று கிடைத்தால் அதை இடிக்கக் கொண்டுபோகிறவரை யாராவது கட்டிப்போட வேண்டும். ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் சேசிஸ் உண்டு. எனினும் மேற்கூரை இரும்பாக இல்லாத வண்டியை டெர்பி நடத்துபவர்கள் அனுமதிக்க மாட்டார்கள்.

மிஞ்சுவது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற அந்த 796 சிசி வண்டி, 650 கிலோ சொச்சம்தான். பெரிய கார்களோடு மோத விட்டால் தீப்பெட்டி. ஆனால் சின்னக் கார்களுக்கென்று தனிப் பிரிவு வைக்கிற களங்கள் வெளிநாட்டில் ஏராளம். அங்கே முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார்களுக்கு ஓர் ஆதாயம் உண்டு: இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓடுகிற சக்கரமும் எல்லாம் முன்னால். பின்பக்கம் முழுக்க நசுங்கித் துருத்தியாகிப் போனாலும் வண்டி ஓடும்.

இனி வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள். மேட்டும் ஸ்க்ரூடிரைவரும் சொல்லியாயிற்று. சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்வது நல்லது. கதவின் அடி, பின் சக்கர வளைவு, ரன்னிங் போர்டு என்று வரிசையாக ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. பட்டிக்கு மேல் பெயிண்ட் அடித்தால் மனிதக் கண் ஏமாறும், காந்தம் ஏமாறாது. அடுத்தது ஜாக்கி. ஜாக்கி வைக்கிற இடத்தில் வைத்து வண்டியைத் தூக்கும்போது, சக்கரம் எழும்புவதற்கு முன் ஜாக்கி தகரத்துக்குள் புதைந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புதையவில்லையா, தூக்கிய நிலையிலேயே அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூட வேண்டும். சாதாரணமாக மூடிய கதவு இப்போது உரசினால், நடு உடம்பு தொய்ந்துவிட்டது. பானெட்டுக்குள் முன் ஷாக்கப்சர் மேலே வந்து மாட்டுகிற இரண்டு கிண்ணங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கீறல் இருந்தால் அது வெல்டிங்கில் அடங்காது.

இன்ஜின் சத்தம் எப்படி இருக்கிறது என்று மணிக்கணக்கில் கேட்பது வீண். மோதலுக்கு இரண்டே விஷயம் போதும். ஒன்று, சூடான இன்ஜினை அணைத்துவிட்டு உடனே செல்ப் அடித்தால் எடுக்கிறதா? ஒவ்வொரு இடியிலும் இன்ஜின் நிற்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எடுத்து இன்னொருவரை இடிக்காவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள். பல களங்களில் அந்தக் கெடு ஒரு நிமிடம்தான். காலையில் குளிர்ந்த இன்ஜின் ஒரே அடியில் எடுப்பதைக் காட்டி விற்பவர் பெருமைப்பட்டால், இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடி அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ரிவர்ஸ் கியர். சாலையில் ஓட்டுகிறவர் ரிவர்ஸைப் பார்க்கிங்குக்கு மட்டும் போடுவார். டெர்பியில் பாதி வேலை ரிவர்ஸில்தான். ரேடியேட்டரும் இன்ஜினும் முன்னால் இருப்பதால், கெட்டிக்காரர்கள் டிக்கியைத்தான் சம்மட்டியாக வைத்துக்கொள்வார்கள். நான்கு முன் கியரும் வெண்ணெய் போல விழுந்து, ரிவர்ஸ் மட்டும் உருவிக்கொள்கிற வண்டி இந்த வேலைக்குப் பிரயோசனமில்லை.

கழற்றுகிற வேலை

ஒரு காரைக் களத்துக்குத் தயார் செய்வதில் பூட்டுவது கொஞ்சம், கழற்றுவது மிச்சமெல்லாம். கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். முன், பின், பக்கம், ஹெட்லைட், சைடு மிர்ரர் என்று ஒரு துண்டு மிச்சமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். உடைத்து எடுக்கக் கூடாது. முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை உள்ளேயிருந்து மெல்லத் தூக்கினால் முழுசாக வரும். பக்கக் கண்ணாடியைக் கதவுக்குள் இறக்கி விட்டுவிட்டுக் கழற்றியாயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. அது முதல் இடியில் கதவுக்குள்ளேயே நொறுங்கி மடியில் கொட்டும். பின் சீட், முன் பக்க சீட், கார்பெட், ரெக்சின், டேஷ்போர்டு பிளாஸ்டிக் எல்லாம் போக வேண்டும், தீப்பிடிப்பவை என்பதால். ஏர்பேக் உள்ள வண்டியானால் அதையும் முறையாகச் செயலிழக்க வைக்க வேண்டும். கேஸ் கிட் போட்ட வண்டியானால் சிலிண்டரை அடியோடு எடுத்துவிட வேண்டும். வால்வை மூடிவிட்டோம் என்பது பதிலாகாது.

பெட்ரோல் டேங்க்தான் பெரிய பொறுப்பு. டிக்கியால் இடிக்கப் போகிற வண்டியில் டேங்க் பின்னால் இருக்கக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு, பின் சீட் இருந்த இடத்தின் நடுவில், தளத்தோடு போல்ட்டில் பட்டை போட்டு இறுக்கிய சிறிய இரும்பு டேங்க் வைக்க வேண்டும். ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் ஓர் ஆட்டத்துக்குத் தாராளம். அமெரிக்காவில் இதற்கு இயந்திரப் படகின் டேங்கை வாங்கிப் பொருத்துவது சாதாரணம். இராஜாக்கமங்கலம் துறையில் வள்ளத்தின் வெளி இன்ஜினுக்கு எண்ணெய் போகிற டேங்கையும் டியூபையும் தினமும் கையாளுகிறவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. குலுங்கினாலும் சிந்தாத மூடி, மடங்காத டியூப், கிளிப் தளராத ஜாயின்ட்: கடலில் எது வேண்டுமோ அதுவே இங்கும் வேண்டும். ஒரே வித்தியாசம், கடலில் டியூப் கழன்றால் வள்ளம் நிற்கும்; களத்தில் கழன்றால் சூடான சைலன்சரில் பெட்ரோல் சொட்டும். எலக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால், வெளியே நிற்பவர்கூட அணைக்கும்படி ஒரு சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கழற்றிய பழைய டேங்கைக் "காலிதானே" என்று ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே வெல்டிங் போடுவார்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் பயப்பட வேண்டும். எரிவது திரவமாகக் கிடக்கிற பெட்ரோலைவிட அதன் ஆவி. காலி டேங்குக்குள் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருக்கும். ஒரு பொறி போதும். எந்த வெல்டிங்குக்கும் முன்னால் டேங்கை விளையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

பேட்டரியைப் பானெட்டுக்குள்ளிருந்து எடுத்து, முன் பக்க சீட் இருந்த தளத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே தடித்த ரப்பர் போர்த்த வேண்டும். மேட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்: டேங்க், பேட்டரி, சீட், மூன்றுமே அந்தத் தளத்தை நம்பித்தான் போல்ட்டில் நிற்கின்றன. தளம் பப்படமானால் போல்ட்டைச் சுற்றியுள்ள தகரத்தோடு எல்லாம் பிய்ந்து ஓட்டுபவர்மேல் விழும். நல்ல இன்ஜின், மோசமான தளம் என்று ஒன்றும், சுமாரான இன்ஜின், நல்ல தளம் என்று ஒன்றும் கிடைத்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம். இன்ஜின் மாற்ற ஒரு பகல் போதும்; தளம் மாற்றுவது புது வண்டி கட்டுவது மாதிரி.

கதவுகளைச் சங்கிலியாலோ வெல்டிங்காலோ பூட்ட வேண்டும். எங்கே எத்தனை அங்குலம் என்பதை அந்தந்தக் களத்தின் விதி சொல்லும். பானெட்டை நாலு இடத்தில் கட்டி, நடுவில் ஒரு பெரிய ஓட்டை வெட்டுவார்கள். அழகுக்கு இல்லை, தீப்பிடித்தால் மூடியைத் திறக்காமல் தீயணைப்பானின் வாயை உள்ளே விடுவதற்கு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும். கூலண்ட் கொட்டினால் களம் வழுக்கும், மண்ணும் கெடும். ஏ.சி. இருந்தால் அதன் கேஸை ஏ.சி. மெக்கானிக்கை வைத்து முறையாக இறக்க வேண்டும்; குழாயை வெட்டி உஸ்ஸென்று விடுவது தவறு.

ஓட்டுபவருக்கான வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சீட்டுக்குப் பின்னால் இந்தக் கதவுத் தூணிலிருந்து அந்தக் கதவுத் தூண் வரை ஒரு கனமான குறுக்குக் குழாய், ஓட்டுபவர் பக்கக் கதவுக்கு உள்ளே இன்னொன்று, இரண்டுக்கும் பஞ்சுறை. பெல்ட் புதிதாக இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்த பழைய பெல்ட் நூல் இற்றுப்போயிருக்கும். ஓட்டுபவர் பக்கக் கதவை வேறு நிறத்தில் எடுப்பாகப் பூசுவது வழக்கம். அந்தக் கதவில் இடிப்பது எல்லாக் களங்களிலும் குற்றம். வேண்டுமென்று இடித்தவர் அப்போதே வெளியேற வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு: களத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கிவிடுவார்கள். வேகம் எடுக்க முடியாமல் சக்கரம் சுழல வேண்டும் என்பதற்காகவே அது. வேகம் இரண்டு மடங்கானால் இடியின் பலம் நாலு மடங்காகும் என்பது அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு.

இங்கே என்ன செய்யலாம்

வேனலில் வற்றிய குளத்தடியில் நாலு நண்பர்கள் சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாமா என்ற ஆசை வரும். வேண்டாம். மேலே சொன்ன ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் அடிபட்ட பிறகு வந்தது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் நிற்காத இடத்தில் இது விளையாட்டே கிடையாது. சட்டமும் விடாது: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 189ஆம் பிரிவுப்படி, மாநில அரசின் எழுத்துமூல அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய காரை வைத்து மண்ணில் புரட்டி எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தியாவில் முறையான வழி ஆட்டோகிராஸ். மண் தடத்தில் நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டுவது, மோதல் கிடையாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு இதற்கு உரிமம் தருகிறது, விதி வகுக்கிறது. மாருதி 800, எஸ்டீம், ஜிப்சி மூன்றும் இந்த உலகத்தின் செல்லப் பிள்ளைகள். சோதனைகளும் கழற்றுகிற வேலையும் ஏறக்குறைய மேலே சொன்னவையே. ரோல் கேஜ் மட்டும் கூடுதல், ரிவர்ஸ் கியரின் கவலை குறைவு.

சின்ன வண்டியால் என்ன ஆகும் என்று இளப்பமாக நினைப்பவர்கள் கோயம்புத்தூர் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன், இதே மாருதி 800இன் இன்ஜினை எடுத்துத் தன் பட்டறையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் தொடங்கிய சென்னைப் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறிய காலம் அது. 2005இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் பார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கிற பந்தயத் தடத்துக்கு அவர் பெயரே.

கடைசியாகக் காகித வேலை. ஆர்.சி. இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடக் கூடாது. ஏதாவதொரு வழக்கில் அது சாட்சிப் பொருளாக இருக்கலாம். பந்தயத்துக்காக வெட்டி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது, டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். வண்டி இனி ஓடவே ஓடாது என்றான பிறகு, 55ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். ஆக்கர் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டார், விஷயம் முடிந்தது என்று விடுகிறவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். நம்பர் பிளேட் வேறு வண்டியில் ஏறிச் சுற்றும், போலீஸ் தேடி வருவது பழைய ஓனரை. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் சலுகை கேட்க அது உதவும்.

ஒப்படைப்பதற்கு முன் ஆயிலை வடித்துவிட வேண்டும். மாருதி 800 என்றால் இரண்டரை, மூன்று லிட்டர் வரும். அதை விளையில் ஊற்றக் கூடாது. துறைப் பக்கம் மணல் பூமி. ஊற்றியது நேராகக் கீழே இறங்கும், வீட்டுக் கிணறு பக்கத்திலேயே இருக்கும். ஒரு கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.